விழித்திருந்ததாக ஒரு கையெழுத்து

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நாலு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கலை. எடுத்தா கத்துவேன்னு உனக்குத் தெரியும். கத்தியிருப்பேன்தான். அதனாலதான் எழுதறேன். கடிதத்துல கத்தினா பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

நேத்து காலையில ஏழேகால் மணிக்கு ஏர்போர்ட் ஊழியர் கேட்டுக்கு வெளியே நாங்க நூத்திப் பத்து பைலட்டுங்க மழையில நின்னுட்டிருந்தோம். வேலைநிறுத்தத்தோட பதினோராவது நாள். பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கங்க, இல்லைன்னா கிளம்புங்கன்னு கம்பெனி சொல்லிட்டுது. எங்க பயணிகளை ஏத்திட்டுப் போக வேற ஒரு புதுக் கம்பெனியைக் கூப்பிட்டிருக்காங்க, அவங்ககிட்ட பாதிச் சம்பளத்துக்குப் பறக்கிற பைலட்டுங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டோம். யாருன்னு தெரியாது. முகம் தெரியாததால திட்டறதுக்கு வசதியா இருந்தது.

ஒரு வெள்ளை வேன் வந்தது. பின்னாடி கண்ணாடி பூரா கறுப்பு பேப்பர். கூட்டம் மறிச்சதும் நின்னுது. டிரைவர் பக்கத்து சீட்ல இருந்தவன் சட்டுனு குனிஞ்சு ஷூ கயிறு கட்ட ஆரம்பிச்சான். நான் கண்ணாடிக்கு ரெண்டடி தூரத்துல நிக்கறேன். உச்சந்தலையில ரெண்டு சுழி. ரெண்டு சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம்னு அம்மா உன்னைக் கிண்டல் பண்ணுவாங்களே, அந்தத் தலை எனக்குத் தெரியாதா?

என் பக்கத்துல நின்ன கேப்டன் "துரோகிப் பசங்க"ன்னு வேன் மேல கையால அடிச்சார். நான் அடிக்கலை. அவரைத் தடுக்கவும் இல்லை.

வேலை இல்லாம நீ கஷ்டப்பட்டே, எனக்குத் தெரியும். வேற எந்த வேலைக்குப் போயிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அடுத்தவன் சோத்துல கை வெக்கிற வேலை ஒண்ணுதான் கிடைச்சுதா உனக்கு? அந்த அடுத்தவன் நான்டா.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. படிச்சேன். வீட்ல இவ வாங்கிப் படிச்சுட்டு, "பதில் எழுதாதீங்க, ரெண்டு பேரும் ஒரே வாய்"ன்னா. கேக்கல நான்.

பதினாலு மாசம் நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியும்னு எழுதியிருக்கே. தெரியாது. வாஷிங் மெஷின் ஏத்திட்டுப் போற வண்டி ஓட்டினேன். ஓட்டறது மட்டுமில்ல, மூணு மாடி தூக்கிட்டும் போகணும். ஒரு வீட்ல அம்மா ஒருத்தங்க தண்ணி குடுத்துட்டு, "உன்னைப் பாத்தா படிச்சவன் மாதிரி இருக்கே, இதுக்கு முன்னாடி என்ன ஓட்டினே?"ன்னு கேட்டாங்க. "இதை விடக் கொஞ்சம் பெரிய வண்டி"ன்னேன்.

சரி, அந்த வண்டிக்கு நான் எப்படி வந்தேன்? பைலட் ரூம்ல டீ மெஷின் பக்கத்துல ஒரு லிஸ்ட் ஒட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? வேலைக்குக் கடைசியா சேந்த அறுபது பேர் வெளியே. நான் நாப்பத்தோராவது பேர். கீழே யூனியன் சார்பா மூணு கையெழுத்து. மூணாவது யாருதுன்னு நான் பேரைப் படிச்சுத் தெரிஞ்சுக்கல. பத்தாவதுல என் ரேங்க் கார்டுல அப்பாவுக்குப் பதிலா நீதானே கையெழுத்துப் போட்டே? அந்தக் கோணல் எனக்குத் தெரியாதா?

அறுபது பேரை வெளியே தள்ளிட்டு மிச்சப் பேரோட சம்பளத்துல கை வைக்காம காப்பாத்திக்கிட்டீங்க. அதுக்குப் பேரு ஒப்பந்தம். வெளியே தள்ளினவன்ல ஒருத்தன் கிடைச்ச சம்பளத்துக்குப் போனா அதுக்குப் பேரு துரோகம். நல்ல கணக்குக்கா. யூனியன்ல யாரு போட்டது?

இந்தக் கம்பெனியப் பத்தியும் சொல்லிடறேன், நான் ஏதோ சுகமா இருக்கேன்னு நினைச்சுடாதே. நான் கம்பெனி ஆளே இல்ல. நடுவுல ஒரு ஏஜென்சி. அவங்க என்னை 'சொந்தத் தொழில் செய்பவர்'னு எழுதி வாங்கியிருக்காங்க. எனக்கு நானே முதலாளி. முதலாளி மகா கொடுமைக்காரன், உடம்பு சரியில்லன்னாக்கூட லீவு தர மாட்டான். பிளேன் நகர ஆரம்பிச்சதுலேர்ந்து நிக்கிற வரைக்கும்தான் சம்பளம். மழைக்கு நாலு மணி நேரம் காத்துக்கிட்டு உக்காந்திருந்தா அது இனாம். யூனிபாரம் என் செலவு. தொப்பி வாங்கல. வெளியூர்ல தங்கற ரூமும் என் செலவு.

நான் போகலன்னா பின்னாடி நின்னவன் போயிருப்பான். கதவுக்கு வெளியே முப்பது பேர் வரிசையில நின்னோம். எட்டு பேர் அந்த அறுபதுல இருந்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கல.

இன்னொண்ணு. நான் ஷூ கயிறு கட்டல. என் ஷூல கயிறே கிடையாது.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

வேலைநிறுத்தம் முடிஞ்சது. முடிஞ்சதுன்னு சொல்றது மரியாதைக்கு. இருபத்தாறாவது நாள் நாங்க உள்ளே போனப்போ, எங்க பதினொரு ரூட்டையும் நிரந்தரமா உங்க கம்பெனிக்கே குடுத்தாச்சுன்னு ஒரு காகிதத்தை நீட்டினாங்க. ஜூன் கடைசியில இங்க எல்லாத்தையும் மூடறாங்க. உன் அத்தானோட ஷெட்டும் சேர்த்து. பிளேனே இல்லாத இடத்துல மெக்கானிக் எதுக்கு? ஒரே வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கடிதம் வந்தது. ஒரே கவர்ல போட்டிருந்தா தபால் செலவாவது மிச்சமாயிருக்கும்னார் அத்தான். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

கையெழுத்தைப் பத்திக் கேட்டே. சொல்றேன். மேனேஜர் ரூம்ல ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தோம். ரெண்டு காகிதம் வெச்சாங்க. எல்லாருக்கும் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு வெட்டு, இல்லைன்னா அறுபது பேர். யூனியன் கமிட்டியில ஏழு பேர். ஓட்டு எடுத்தோம். நாலுக்கு மூணு. அந்த நாலுல நான் ஒருத்தி. ஆறு மாசத்துல அறுபது பேரையும் திரும்பக் கூப்பிடுவோம்னு சொன்னாங்க. நம்பினேன். நம்பறது எனக்கு வசதியா இருந்தது. லிஸ்ட்ல உன் பேர் இருக்கும்னு தெரியுமா? தெரியும். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருந்தேன், தலைவலின்னு வராம இருந்துட்டேன்.

மன்னிப்புக் கேட்கலை. நடந்ததைச் சொல்றேன்.

இப்போ ஒரு காரியம். பைலட்டுங்களோட வேலை நேரத்தைப் பத்தி விசாரிக்க அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டிருக்கு. எங்க யூனியன் சார்பா நான்தான் பேசப் போறேன். வெளியிலேர்ந்து நாங்க என்ன சொன்னாலும் வயித்தெரிச்சல்ல பேசறாங்கன்னு தள்ளிடுவாங்க. உள்ளே இருக்கிற ஒருத்தன் சொல்லணும். போன வாரம் நீ வீட்டுக்கு வந்தப்போ தட்டுல கையை வெச்சபடியே தூங்கிட்டேன்னு அம்மா சொன்னாங்க. எழுப்பவே மனசு வரலையாம், கையை மட்டும் துடைச்சு விட்டாங்களாம்.

நீ வந்து சொல்றியா?

அக்கா


மே 11

அக்கா,

வர மாட்டேன். சாட்சி சொன்னவனுக்கு மறுநாள் ஏஜென்சிலேர்ந்து போன் வராது, அவ்வளவுதான். வேலைய விட்டு எடுத்தாங்கன்னுகூட சொல்ல முடியாது, முதலாளி நான்தானே.

ஆனா உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். இவகிட்டகூட சொல்லல. படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு.

என்கூட அடிக்கடி பறக்கிற கேப்டன் ஒருத்தர். மீசைன்னு கூப்பிடுவோம். மீசையே கிடையாது, அதனாலதான். அறுபது வயசு. அவரோட பழைய கம்பெனி திவாலாகி, இங்க வந்து மாட்டினவர். நல்ல மனுஷன். லேண்டிங் பண்ணா பயணிங்களுக்குத் தெரியாது, அவ்வளவு மெத்துனு இருக்கும்.

போன மாசம் ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் தொடர்ந்து அஞ்சு நாள் காலை டூட்டி. நாலரை மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும், அப்படின்னா எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்னு உனக்குச் சொல்ல வேணாம். அஞ்சாவது நாள் எனக்கு லேசா ஜுரம். அவரு பேத்திக்கு உடம்பு சரியில்லன்னு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்துட்டு நேரா வந்தவரு. களைப்பா இருக்கு, பறக்க மாட்டேன்னு சட்டப்படி சொல்லலாம். சொன்னவனோட அடுத்த மாச டூட்டி சார்ட் பாதிக்கு மேல வெள்ளையா இருக்கும்.

மூணாவது பயணம். முப்பத்தாறாயிரம் அடி. எதிர்ல வெயில். ஆட்டோ பைலட் போட்டாச்சு. பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கவான்னு கேட்டாரு. மூடிக்குங்க சார், நான் பாத்துக்கறேன்னேன். அப்போ மணி பாத்து எழுதினேன். பத்து மணி ஆறு நிமிஷம்.

அப்புறம் ஏதோ மணி அடிச்சுது. வீட்டு காலிங் பெல்னு நினைச்சேன், இவ போய்த் திறப்பான்னு நினைச்சேன். அது பின்னாடியிலேர்ந்து ஏர்ஹோஸ்டஸ் அடிச்ச போன். டீ வேணுமான்னு கேக்க மூணு தடவை கூப்பிட்டிருக்கா. கடிகாரத்தைப் பாத்தா பத்து இருபத்தஞ்சு. அவரும் தூங்கறாரு. நானும் தூங்கியிருக்கேன். பத்தொன்பது நிமிஷம் அந்த பிளேன்ல முழிச்சிருந்த பைலட் யாருமில்ல. பின்னாடி நூத்தி எழுபத்தெட்டு பேர். கன்ட்ரோல் ரூம்ல அஞ்சு தடவை எங்களக் கூப்பிட்டிருக்காங்க. வேற சேனல்ல இருந்துட்டோம், மன்னிக்கணும்னு சொன்னேன். அவங்களும் விட்டுட்டாங்க.

டீ வேணும்னு சொன்னேன். ரெண்டு கப். சக்கரை தூக்கலா.

இறங்கின அப்புறம் மீசை பார்க்கிங்ல கார்க் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. "பையா, நமக்கு ஒண்ணும் ஆகல"ன்னாரு. ஆறுதலா சொன்னாரா, ஆச்சரியப்பட்டாரா, தெரியல.

கிழிச்சுடு.

தம்பி


ஜூன் 27

கிழிச்சுடுன்னு ரெண்டு தடவை எழுதினேன்.

பேர் சொல்லலை, ரூட் சொல்லலை, தேதி சொல்லலைன்னு அம்மாகிட்ட சொன்னியாமே. ஏப்ரல் மாசம், மூணாவது பயணம், பத்தொன்பது நிமிஷம்னு கமிஷன்ல சொன்னே. பேப்பர்ல வந்துச்சு. போதாதா? கன்ட்ரோல் ரூம்ல பேசறதெல்லாம் டேப்ல இருக்குன்னு பதினேழு வருஷம் பறந்தவளுக்குத் தெரியாதா? பத்தொன்பது நிமிஷம் பதில் சொல்லாத பிளேன் எதுன்னு தேடிப் பிடிக்க அவங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம் ஆச்சு.

கம்பெனிக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கறே? ஒண்ணுமில்ல. "எங்கள் பணி நேரம் சட்டத்துக்கு உட்பட்டது, இது தனிநபர் ஒழுங்கீனம்"னு ஒரு அறிக்கை.

எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. ஜன்னல் இல்லாத ரூம். ஏசி குளிர்ல பல்லு கிடுகிடுங்குது. முதல்ல மீசை உள்ள போனாரு, நான் வெளியே பிளாஸ்டிக் சேர்ல. இருபது நிமிஷத்துல வந்துட்டாரு. என்னைத் தாண்டிப் போறப்ப நிக்காமலே, "நீ முழிச்சிருந்தே. அவ்வளவுதான். வேற எதுவும் பேசாதே"ன்னுட்டுப் போயிட்டாரு.

உள்ளே போனா காகிதம் டைப் அடிச்சே ரெடியா இருக்கு. நான் விழித்திருந்தேன். கேப்டனை எழுப்ப முயன்றேன். ரேடியோ தவறான சேனலில் இருந்ததற்கு அவரே பொறுப்பு. கீழே என் பேர், கோடு போட்டு வெச்சிருக்காங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனி அம்மா ஒருத்தங்க ரொம்பத் தன்மையா பேசினாங்க. "அவரே ஒத்துக்கிட்டார், உங்களுக்கு எந்தப் பிரச்னையும் இல்லை, பேனா இந்தாங்க"ன்னாங்க.

ஒன்பது மணி நேரம் உக்காந்து நீ போட்ட கையெழுத்தை நான் நாலு நிமிஷத்துல போட்டேன்.

அவரோட லைசென்ஸ் போயிடுச்சு. இன்னும் மூணு வருஷம் பறந்திருந்தா மரியாதையா ரிட்டயர் ஆகியிருப்பாரு.

இனிமே எனக்கு எழுதாதே.


செப்டம்பர் 14

தம்பிக்கு,

எழுதாதேன்னு சொன்னே. ரெண்டரை மாசம் எழுதலை. இப்போ எழுதறதுக்குக் காரணம் இருக்கு, பொறுத்துப் படி.

உன் கடிதத்தைக் கிழிக்கலாம்னுதான் கையில எடுத்தேன். அந்த நூத்தி எழுபத்தெட்டு பேரை நினைச்சேன்னு சொன்னா பாதி உண்மை. மறு பாதி, உங்க கம்பெனியை அடிக்க என் கையில வேற கல் இல்லை. அது யார் தலையில விழும்னு யோசிச்சேன். ஒரு அரை நாள் யோசிச்சேன். போதலை.

கமிஷன் அறிக்கை வந்துடுச்சு. இருநூத்திச் சொச்சம் பக்கம். நாங்க சொன்னது நூத்திப் பதினாலாம் பக்கத்துல அடிக்குறிப்பா பொடி எழுத்துல இருக்கு. கண்ணாடி போட்டாதான் தெரியுது.

அத்தான் இப்போ லாரி எஞ்சின் பார்க்கிற பட்டறைக்குப் போறார். முதல் நாள் வந்து, "நட்டு ஒண்ணு மிஞ்சிடுச்சுன்னு சொன்னேன், பரவாயில்லை தூக்கிப் போடுங்கன்னுட்டான்"ன்னார். பிளேன்ல ஒரு நட்டு குறைஞ்சா ராத்திரி பூரா தேடற மனுஷன். அன்னைக்கு அவர் சாப்பிடலை.

நான் பறந்து எழுபத்தாறு நாள் ஆச்சு. தொண்ணூறு நாள் தாண்டிட்டா மறுபடி சிமுலேட்டர்ல உட்கார்ந்து தேற சொந்தச் செலவு பண்ணணும். பதிமூணு கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். யூனியன்ல இருந்தவள்னு தெரிஞ்சதும் வாயை மூடிக்கறாங்க.

ஒரு கம்பெனி மட்டும் மூடலை. உங்களோடது. அவங்களுக்கு கேப்டன் பத்தலை. வேலைநிறுத்தத்துல நின்னவங்களையே எடுக்கறாங்க, ஒரு நிபந்தனையோட. யூனியனை விட்டு விலகிட்டதா எழுதிக் குடுக்கணும். சம்பளம் உன் மீசை கேப்டன் வாங்கினதை விடக் குறைவு. ஒத்துக்கிட்டா முதல் தேதியிலேர்ந்து. யாரோட இடம்னு கேட்டேன். போன்ல பேசின பொண்ணு அப்பாவியா, "ஜூன்ல ஒருத்தரை வேலையை விட்டு எடுத்துட்டோம் மேடம், அந்த இடம்தான்"னா.

நான்தான் காலி பண்ணினேன். என்னையே உட்காரச் சொல்றாங்க.

உன்னை என்னென்ன சொன்னேன். எல்லாம் மேஜை மேல பரத்தி வெச்ச மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னாங்க, இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்கேன். நீ வேண்டாம்னு சொன்னா போக மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

உன் கடிதம் கையில கிடைச்ச அன்னைக்கே மீசை வீட்டுக்குப் போனேன். ஜூனுக்கு அப்புறம் போகவே இல்ல, தைரியம் வரல. உன் கேள்விய அவர்கிட்டயே கேட்டுடலாம்னு போனேன்.

அவங்க வீட்டம்மாதான் கதவைத் திறந்தாங்க. மதியம் ரெண்டு மணி. ஜன்னல் திரை எல்லாம் இழுத்து விட்டிருக்கு. நான் யாருன்னு சொன்னேன். "தூங்கறார்"னாங்க. அப்புறம், "இப்பல்லாம் பகல் பூரா தூக்கம்தான் தம்பி. முப்பத்தஞ்சு வருஷத் தூக்கம் பாக்கி இருக்குங்கறார்"னாங்க. உள்ளே வான்னு கூப்பிடல. கதவை மூடவும் இல்ல. நானே "வரேம்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நீ என்கிட்ட கேக்கறே. நான் வேணாம்னா போக மாட்டேங்கறே. அக்கா, வேணாம்னு சொல்ல எனக்கு வாய் கிடையாது. போன்னு சொன்னா நீ செஞ்சதுக்கு நான் துணைன்னு ஆகும். வேணாம்னு சொன்னா உன் பசங்க ஸ்கூல் பீஸுக்கு என் முகத்தைப் பாப்பியா? ரெண்டும் சொல்ல மாட்டேன். உன் கையெழுத்து. நீயே போட்டுக்கோ.

போனா ஒண்ணு மட்டும். அவரு சீட்டை முன்னாடி இழுத்து வெச்சிருப்பாரு, குள்ளம். நீ போய் உக்காந்ததும் பின்னாடி தள்ளிப்பே. அதை என் கண் முன்னாடி பண்ணாதே.

தம்பி


டிசம்பர் 8

அக்கா,

நீ இங்க சேந்த ரெண்டு மாசமா உன்கூட வரக் கூடாதுன்னு டூட்டி மாத்தி மாத்தி வாங்கிட்டிருந்தேன். நேத்து முடியல. சார்ட் போடற கம்ப்யூட்டருக்கு அக்கா தம்பி தெரியாது.

காக்பிட்ல பேச முடியாததால எழுதறேன். அங்க நாம விடற மூச்சுகூட டேப்ல பதிவாகுது. "குட் மார்னிங் கேப்டன்"னேன். "குட் மார்னிங்"னே. நாலு பயணம், எட்டு மணி நேரம், முழங்கையும் முழங்கையும் இடிக்கிற தூரத்துல உக்காந்துக்கிட்டு அக்கான்னு ஒரு தடவைகூட கூப்பிடல நான்.

மூணாவது பயணத்துல நீ தூங்கினே.

தலை சாய்ஞ்சுது, நிமிர்ந்துது, மறுபடி சாய்ஞ்சு நின்னுடுச்சு. நாலு நிமிஷம். நான் உடனே எழுப்பல. முதல்ல பாவமா இருந்துச்சு. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கு, கழுத்து நரம்பு தெரியுது, கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. உன்னைப் பத்தி இல்ல, என்னைப் பத்தி. எனக்கும் கண்ணு சொருகுது. தொடையைக் கிள்ளிக்கிட்டேன். அதுக்குள்ள கன்ட்ரோல் ரூம்லேர்ந்து கூப்பிட்டாங்க, நீ திடுக்குனு முழிச்சு, நான் ஒண்ணும் கேக்காமலே, "ரூட் மேப் பாத்துட்டிருந்தேன்"னே. மேப் என் மடியில இருக்கு.

"சரி கேப்டன்"னேன்.

இறங்கின அப்புறம் கார்ல உக்காந்து யோசிச்சேன். நான் சொன்ன அந்த 'சரி' இருக்கே, அதுதான் அவங்களுக்கு நம்மகிட்டேர்ந்து வேணும். சம்பளம் குறைச்சதெல்லாம் அப்புறம். இவன் தூங்கினதை அவன் சொல்ல மாட்டான், அவ தூங்கினதை இவன் சொல்ல மாட்டான். சொன்னா ரெண்டு பேருக்கும் போயிடும். அந்த தைரியத்துலதான் அந்த பிளேன் எந்திரிக்குது.

இன்னைக்கு விமானத்துறை ஆபீசுக்கு நேர்ல போய் எழுதிக் குடுத்துட்டேன். ஏப்ரல் மாசம் நானும் தூங்கினேன். எழுப்ப முயன்றேன்னு எழுதினது பொய். அன்னைக்கு எனக்கு ஜுரம், களைப்புன்னு சொல்ல பயந்தேன், ஏன் பயந்தேன்னும் எழுதியிருக்கேன். வாங்கின ஆளு ரெண்டு தடவை படிச்சுட்டு, "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?"ன்னு கேட்டாரு. ஒரு காப்பியை மீசை வீட்டுக் கதவு இடுக்குல போட்டுட்டு வந்தேன். மணி அடிக்கல.

நேத்து நடந்ததைப் பத்தி எதுவும் எழுதல. அது உன்னோடது.

இவகிட்ட சாயங்காலம்தான் சொன்னேன். அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தா. "முன்னாடியே என்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு அது ஒண்ணைத்தான் கேட்டா.

நாளையிலேர்ந்து உன் பக்கத்துல வேற எவனாவது உக்காருவான். கிளம்பறதுக்கு முன்னாடி தூங்கினியான்னு அவனைக் கேளு. டேப்ல பதிவானா ஆகட்டும். நான் உன்னைக் கேக்கல. கேட்டிருக்கணும்.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

உத்தரவு நகல் எனக்கும் வந்தது, பழைய யூனியன் ஆள் ஒருத்தர் அனுப்பினார். உன் லைசென்ஸ் ரெண்டு வருஷம் முடக்கம், பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு. மீசை கேப்டன் விஷயத்துல 'விமானி உறங்கினார்'ங்கறதை 'விமானிகள் இருவரும் உறங்கினர்'னு திருத்தியிருக்காங்க. அவ்வளவுதான். அவரோட லைசென்ஸைத் திருப்பித் தரலை. அவரோட வீட்டம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. நம்பர் எப்படிக் கிடைச்சுதோ. "உங்க தம்பி எழுதினதை அவர் படிச்சார். ரெண்டு தடவை படிச்சார்"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு.

உத்தரவோட பதினெட்டாம் பக்கத்துல கம்பெனியை எச்சரிச்சிருக்காங்க. உத்தரவு வந்த அன்னைக்குத்தான் அவங்க புதுசா நாலு ரூட் ஆரம்பிச்சாங்க. கேக் வெட்டினாங்க. எனக்கும் ஒரு துண்டு குடுத்தாங்க.

நீ மறுபடி அந்த வாஷிங் மெஷின் வண்டிக்கே போறியாம், அம்மா சொன்னாங்க. முதுகைப் பார்த்துக்கோ. மாடிப்படியில ஏத்தறப்போ கீழ்ப்பக்கம் நிக்காதே.

என் நாலு நிமிஷத்தைப் பத்தி எழுதிக் குடுக்கணும்னு தினமும் நினைக்கறேன். ரெண்டு தடவை எழுதிட்டேன். கைப்பையில இருக்கு. சின்னவளுக்குப் பரீட்சை முடியட்டும்னு ஒரு தடவை நினைச்சேன். அத்தானுக்கு நல்ல வேலை கிடைக்கட்டும்னு இன்னொரு தடவை. இதை உன்கிட்ட சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

நீ சொன்னபடி கேட்டேன். இன்னைக்குக் காலையில. புதுப் பையன், இருபத்தாறு வயசு இருக்கும், பயிற்சிக்காக வாங்கின கடன் கழுத்து வரைக்கும். உட்கார்ந்ததுலேர்ந்து மூணு தடவை கொட்டாவியை வாய்க்குள்ளயே மென்னான். கண்ணு ரெண்டும் சிவப்பு. டேப் ஓடிட்டிருக்கு. "நேத்து தூங்கினியாப்பா?"ன்னு கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், மேலே மைக் இருக்கிற இடத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"நல்லா தூங்கினேன் மேடம்"னான்.

பொய்ன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். பின்னாடி நூத்தி அறுபத்து மூணு பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாங்க.

கிளம்பலாம்னு நான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

அக்கா